நிலாவாரை: களத்தில் தொடங்கும் பாதுகாப்பு



இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று, ஒரே செடியைப் பற்றியவை. தனித்தனியே பதில் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் மூன்றையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் கடிதம் கல்லல் பக்கத்து விவசாயி ஒருவருடையது. ஒன்றரை ஏக்கர் செம்மண் மானாவாரியில் நிலாவாரை போட்டிருக்கிறார். “ஆய்வகச் சான்று இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை என்கிறார் வியாபாரி. இலைக்கு எதற்கு ஐயா சான்று?” என்று கேட்கிறார்.

இரண்டாவது, தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவருடைய தாயாருக்கு 68 வயது. மலச்சிக்கலுக்காக நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரைப் பொடி வாங்கி, தினமும் இரவு ஒரு தேக்கரண்டி வெந்நீரில் கலந்து குடிக்கிறார். ஆறு வருடமாக இந்தப் பழக்கம். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். இப்போது கால் கெண்டை பிடித்துக்கொள்கிறது, உடம்பு தள்ளாடுகிறது. “மூலிகைதானே, தொடர்ந்து சாப்பிடலாமா?” என்பது கேள்வி.

மூன்றாவது, சிங்கம்புணரி இளைஞர் ஒருவருடையது. நிலாவாரையையும் கற்றாழையையும் சேர்த்துச் சாறு எடுத்து, புட்டியில் அடைத்து, ‘வயிற்றைச் சுத்தம் செய்யும் இயற்கைச் சாறு’ என்று விற்க நினைக்கிறார். அனுமதி எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம்

நிலாவாரை, நிலாவிரை, சூரத்து நிலாவாரை என்பதெல்லாம் ஒரே செடிதான். உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவெல்லி சென்னா’ என்று பெயர். நம் திருநெல்வேலியின் பழைய ஆங்கிலப் பெயரைத் தாங்கிக்கொண்டு ஜெர்மனி வரை போகிற இலை இது. தென் மாவட்டங்களில் பலர் இதை ‘அவுரி’ என்றும் சொல்கிறார்கள். சித்த மருத்துவத்தில் அவுரி என்றால் நீலச் சாயம் தரும் நீலிச் செடி. அது வேறு செடி, வேறு குணம். விதை வாங்கும்போதும் மருந்து வாங்கும்போதும் எந்த அவுரி என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் செம்மண் பொட்டலில் தானாக முளைத்துக் கிடக்கும் ஆவாரையும் நிலாவாரையும் நெருங்கிய உறவு. காய்ந்த ஆவாரை இலையை நிலாவாரையோடு கலந்துவிடுவது பழைய கலப்படம். ஆவாரையில் நிலாவாரையின் பேதிச் சத்து கிடையாது. கலந்த சரக்கு ஆய்வகத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் தப்பினாலும் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் அளவு குறையும், இன்னொரு நாள் கூடும். இதில் உள்ள ஆபத்து என்ன என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

வயிற்றில் என்ன நடக்கிறது?

நிலாவாரையில் வேலை செய்யும் பொருளுக்கு ‘சென்னோசைடு’ என்று பெயர். 1941-ல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். சென்னோசைடு இரைப்பையிலோ சிறுகுடலிலோ பெரிதாக எதுவும் செய்வதில்லை, அங்கே உறிஞ்சப்படுவதும் இல்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து ‘ரெயின் ஆந்த்ரோன்’ என்ற பொருளாக மாற்றுகின்றன. அதுதான் குடலை அசைக்கிறது, குடல் தண்ணீரை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. இரவில் சாப்பிட்டால் காலையில் வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். குடல் வரை பயணம் செய்து, உடைந்து, வேலை தொடங்க எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும்.

இப்போது விவசாயிக்கு முக்கியமான செய்திக்கு வருகிறேன். செடியில் நிற்கும் பச்சை இலையில் இந்தச் சென்னோசைடு முழுமையாக உருவாகியிருப்பதில்லை. அதன் முன்நிலைப் பொருள்கள்தான் இருக்கும். அவை இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடாக மாறுவது, அறுத்த இலை மெதுவாக உலரும்போதுதான். இந்த மாற்றம் 20 முதல் 50 டிகிரி வெப்பத்துக்குள் நடக்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். இணையாமல் நின்றுவிட்ட பொருள்கள் வயிற்றைப் பிடுங்கும், குமட்டலும் தரும். சூடு அதிகமானாலோ இலை புழுங்கிக் கறுத்தாலோ சத்து சிதைந்து வேறு பொருளாகிவிடும். ஆகவே இலையைக் காய வைப்பதை ஈரம் போக்கும் வேலையாக மட்டும் நினைக்காதீர்கள். மருந்தில் பாதி உங்கள் களத்தில்தான் தயாராகிறது.

பாதுகாப்புச் சோதனை என்றால் என்ன?

ஒரு மூலிகைச் சாறு பாதுகாப்பானதா என்று பார்க்க ஒரு வரிசை உண்டு. முதலில், ஒரே தடவை அதிக அளவு கொடுத்து, எலியை 14 நாள் கவனிப்பார்கள். அடுத்து 28 நாள், பிறகு 90 நாள் தினமும் கொடுத்து இரத்தம், ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பாக்டீரியாவில் மரபணு மாற்றம் வருகிறதா என்று தனியாக ஒரு சோதனை. கடைசியாக, எலியின் ஆயுள் முழுவதற்கும் சமமான இரண்டு வருடச் சோதனை. உலகம் ஏற்கும் முறையில் இவற்றைச் செய்ய ‘நல்ல ஆய்வக நடைமுறை’ அங்கீகாரம் வேண்டும். நம் மாநிலத்தில் சென்னையை அடுத்த படப்பையில் அப்படி ஒரு நச்சியல் நிறுவனம் இருக்கிறது. இந்தியா 2011-லிருந்து இந்த ஏற்பாட்டில் முழு உறுப்பினர். இங்கே முறைப்படி செய்த சோதனையின் முடிவை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொள்ளும்.

நிலாவாரைக்கு இந்தச் சோதனைகள் நடந்திருக்கின்றன. 2006-ல் வெளியான ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் வரை தினமும் இரண்டு வருடம் எலிகளுக்குக் கொடுத்தார்கள். குடலின் உட்படலம் தடித்தது. புற்றுக்கட்டி அதிகரிக்கவில்லை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், கட்டி எளிதில் வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளுக்கு 40 வாரம் தீவனத்தில் கலந்து கொடுத்து, 2012-ல் முடிவை வெளியிட்டது. அங்கேயும் படலம் தடித்ததே தவிரக் கட்டி இல்லை.

கற்றாழையின் கதை வேறு. அதே அமைப்பு, கற்றாழை மடலைத் தோலோடு முழுசாக அரைத்து, மஞ்சள் பாலை நீக்காமல் எடுத்த சாற்றை எலிகளுக்குக் குடிநீரில் கலந்து இரண்டு வருடம் கொடுத்தது. எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. 2013-ல் அந்த அறிக்கை வந்தது. அதன் பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அந்த முழு மடல் சாற்றை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற பட்டியலில் சேர்த்தது. இதைக் கேட்டு நடுவில் இருக்கும் சோற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். சந்தேகத்துக்கு ஆளானது தோலுக்கு அடியில் ஊறும் மஞ்சள் பால். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று விற்பது அந்தப் பால் உறைந்த கட்டிதான். அமெரிக்கா 2002-லேயே அதைக் கடையில் நேராக விற்கும் பேதி மருந்துகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஒரே செடியிலிருந்து எடுத்தாலும் சோறு வேறு, முழு மடல் சாறு வேறு. சோதனையில் தேறியது செடியின் பெயர் அல்ல. எந்தப் பாகம், எப்படிக் காய்ந்தது, எதில் ஊறியது, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட பொருள்தான் தேறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கடிதங்களுக்கும் வருவோம்.

தேவகோட்டைச் சகோதரிக்கு

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், காத்திருக்கக் கூடியது அல்ல. நான் வேளாண்மை படித்தவன், மருத்துவன் அல்ல. ஆனால் இலைக்குள் என்ன இருக்கிறது என்ற கணக்கை என்னால் சொல்ல முடியும்.

ஐரோப்பிய மருந்து முகமை நிலாவாரைக்குச் சொல்லும் அளவு, ஒரு நாளைக்குச் சென்னோசைடு வகைப் பொருள் 15 முதல் 30 மில்லிகிராம். அதுவும் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடக் கூடாது. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

நல்ல இலையில் 2.5 சதவீதம் சத்து இருக்கும். அப்படியானால் ஒரு கிராம் இலைப் பொடியில் 25 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டிப் பொடி இரண்டு கிராம் என்று வைத்துக்கொண்டால் 50 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. சொன்ன உச்ச அளவையும் தாண்டிவிட்டது. கரண்டியைக் குவித்து அள்ளினால் இன்னும் கூடும். கடையில் அடுத்த மூட்டை பிரித்தால் சத்து 1.5 சதவீதமும் இருக்கலாம், 3 சதவீதமும் இருக்கலாம். உங்கள் தாயார் ஆறு வருடமாக ஒரே கரண்டியில் அள்ளியிருக்கலாம். ஒரே அளவைச் சாப்பிட்டிருக்கிறார் என்று சொல்ல முடியாது.

தினமும் இளகிப் போகும்போது தண்ணீரோடு பொட்டாசியம் என்ற உப்பும் வெளியேறுகிறது. நீர் பிரியும் மாத்திரைகளில் பல அதே பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் தசை பிடிப்பு, சோர்வு வரும். முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைக்கும். பல பேதிச் சூரணங்களில் அதிமதுரமும் நிலாவாரையும் சேர்ந்தே இருப்பதால் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

எனவே இந்த வாரமே தாயாரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். பொடியின் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். “நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா?” என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, வாந்தியோடு வயிற்று வலி என்று ஏதாவது இருந்தால் பேதி மருந்தைத் தொடவே கூடாது. அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

நிலாவாரை கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. அங்கே அது ஒரு மாத்திரைக்கு 7.5 மில்லிகிராம் சென்னோசைடு என்று அளந்து வைத்த மருந்தாக இருக்கிறது. அளவு தெரிந்தால் மருத்துவரால் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

கல்லல் விவசாயிக்கு

இலைக்கு எதற்குச் சான்று என்று கேட்டீர்கள். மேலே சொன்ன அம்மாவின் வயிற்றுக்குப் போவது யாரோ ஒரு விவசாயி காய வைத்த இலைதான். பதில் அதிலேயே இருக்கிறது.

வெளிநாட்டிலும் கெடுபிடி கூடிக்கொண்டே போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல், உணவுப் பொருள்களிலும் துணை உணவுகளிலும் சேரும் நிலாவாரையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மஞ்சள் பால் சத்து உள்ள கற்றாழைத் தயாரிப்புகளுக்குத் தடையே விதித்தது. 2024 நவம்பரில் அங்குள்ள பொது நீதிமன்றம் அந்த விதியின் பகுதிகளை ரத்து செய்தது. இப்படி விதி ஏறும், இறங்கும். வாங்குகிறவர் ஆய்வக அறிக்கை கேட்பது மட்டும் இனிக் குறையாது.

உங்கள் கையில் இருப்பவை இவை:

அறுவடை: விதைத்த 60 முதல் 90 நாளில் முதல் பறிப்பு, பிறகு சுமார் ஒரு மாத இடைவெளி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தவர்களுக்கு முதல் பறிப்பு மார்கழிப் பனியில் வரும். பனி ஈரம் காய்ந்த பிறகே பறியுங்கள். முற்றிப் பழுத்த இலையை ஒதுக்குங்கள். ஓரத்து ஆவாரை கையோடு வந்துவிடாமல் ஆட்களிடம் செடியைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

உலர்த்தல்: தாழ்வாரம், சாய்ப்பு, கொட்டகை என்று காற்றோட்டமான நிழல் எதுவும் போதும். மெல்லிசாகப் பரப்பி, தினமும் புரட்டிவிட்டு, ஏழு முதல் பத்து நாள் காய வையுங்கள். தார்ச்சாலையில் போடாதீர்கள். அங்கே வெப்பமும் கட்டுக்குள் இருக்காது, வண்டிப் புகையும் தூசியும் படியும். ஆடு, கோழி நடமாடும் இடமும் ஆகாது. கிருமிச் சோதனையில் அது தெரிந்துவிடும். இலை மஞ்சள் கலந்த பச்சையாக இருந்து, மடித்தால் பட்டென ஒடிய வேண்டும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு வந்தபின்தான் மூட்டை பிடிக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். மறுபடி வெயிலில் போட்டாலும் அது போகாது.

மருந்தடிப்பு: இலை தின்னும் பச்சைப் புழு வரும். மாதம் ஒரு முறை இலை பறிக்கிற பயிர் என்பதால் பூச்சிக்கொல்லியின் எச்சம் இலையிலேயே தங்கிவிடும். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் கரைசலாக்கினால் 5 சதவீதச் சாறு கிடைக்கும். புழு சிறிதாக இருக்கும்போதே அதைத் தெளியுங்கள். முன்பு பருத்தி போட்டு அதிகம் மருந்தடித்த நிலமாக இருந்தால் மாதிரி எடுக்கும்போது அந்தத் துண்டைத் தனியாக வையுங்கள்.

மாதிரி எடுப்பது: எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் கைப்பிடி எடுத்து ஒன்றாகக் கலக்குங்கள். அதை நான்கு பாகமாக்கி எதிரெதிர் பாகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி அப்படியே செய்து குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மூன்று உறைகள் போடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று வியாபாரிக்கு, ஒன்று முத்திரையிட்டு உங்களிடம். பறித்த தேதி, நிலத்தின் சர்வே எண், மூட்டை எண்ணிக்கை மூன்றிலும் எழுதியிருக்க வேண்டும். நாளை “சத்து குறைவு” என்று விலையைக் குறைத்தால் உங்கள் உறை பேசும்.

ஆய்வகத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வியாபாரியிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பொதுவாகச் சென்னோசைடு அளவு, ஈரம், சாம்பல், பூச்சிக்கொல்லி எச்சம், கிருமிகள், அஃப்ளாடாக்சின், கன உலோகங்கள் பார்ப்பார்கள். உலோகங்களுக்கு நம் நாட்டு வரம்பு ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். ஒன்றரை ஏக்கருக்குத் தனியாகச் சோதனை செய்தால் செலவு கட்டாது. அக்கம்பக்கத்தில் நிலாவாரை போட்டவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரே முறையில் உலர்த்தி, ஒரே மாதிரியாக அனுப்புங்கள். ஒருவர் மட்டும் வேறு முறையில் காய வைத்தால் அந்தச் சான்று யாருக்கும் பொருந்தாது.

சிங்கம்புணரி இளைஞருக்கு

தம்பி, உழைக்க நினைப்பது நல்லது. ஆனால் வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று எழுதி ஒட்டினால் அது பழரசம் அல்ல, மருந்து. 1940-ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். நம் மாநிலத்தில் அதற்கு இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையை அணுக வேண்டும். தயாரிக்கும் இடம், தகுதியுள்ள ஆள், சோதனை வசதி எல்லாம் விதிப்படி இருந்தால்தான் உரிமம் கிடைக்கும்.

சாற்றை எதில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தும் சட்டம் மாறுகிறது. 2010-ல் சேர்த்த 158பி விதியைப் படியுங்கள். பழைய மருத்துவ நூல்களில் சொன்னபடி செய்யும் மருந்துக்குப் பொதுவாகத் தனிப் பாதுகாப்புச் சோதனை கேட்பதில்லை. தண்ணீரோ, தண்ணீர் கலந்த சாராயமோ அல்லாத வேறு கரைப்பானில் சாறு எடுத்தால் உடனடி நச்சுத்தன்மை, நீண்டகால நச்சுத்தன்மை, மரபணுப் பாதிப்பு, கருவுக்குப் பாதிப்பு ஆகிய சோதனைகள் தேவை. நீங்கள் சொல்லும் கலவையில் கற்றாழையின் முழு மடலும் வருகிறது. எலிகளின் குடலில் கட்டி வந்தது அந்த வகைச் சாற்றில்தான். அதோடு நிலாவாரையையும் சேர்த்தால் ஒரே குடலை இரண்டு பக்கமும் இழுப்பதாகும். ஒவ்வொரு புட்டியிலும் ஒரே அளவு சத்து இருக்கிறது என்று உங்களால் உறுதி சொல்ல முடியாத வரை இதை விற்காதீர்கள்.

வேறு வழி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் நிலாவாரை போடுகிறவர்களுக்கு நிழல் உலர்த்தும் கொட்டகை அமைத்துக் கொடுங்கள். இலையைத் தரம் பிரித்து, ஈரம் பார்த்து, குழு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி, உரிமம் உள்ள நிறுவனத்துக்கு விற்றுக் கொடுங்கள். புட்டியில் அடைக்கும் வேலையை விடச் சிறியதாகத் தெரியலாம். ஆனால் சத்து உருவாகிற வேலை அங்கேதான் இருக்கிறது. விலையில் வித்தியாசம் வருவதும் அங்கேதான்.

அடுத்த இதழுக்கு மழைக்குப் பின் மானாவாரியில் வரும் வேர் அழுகல் பற்றிப் பல கேள்விகள் வந்திருக்கின்றன. கேள்வி அனுப்புகிறவர்கள் மண்ணின் நிறம், கடைசியாக மழை பெய்த நாள், பயிரின் வயது மூன்றையும் எழுதுங்கள். வீட்டில் யாராவது தினமும் பேதிப் பொடி சாப்பிட்டால், பொட்டலத்தை எடுத்து அதில் என்ன சேர்த்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.